வாசல் இல்லாத அறை

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அபுதாபிக் கரையிலிருந்து முக்கால் மணி நேரம் படகில் போய் பன்னீர்செல்வம் அந்தத் தீவில் இறங்கினான். கூடவே அவன் தங்கை வசந்தகுமாரியின் கணவன் கார்மேகம். இருவருக்கும் பரமக்குடிப் பக்கம். கார்மேகத்துக்கு விசா எடுத்துக் கொடுத்து வரவழைத்ததே பன்னீர்தான்.

மண் தோண்டுகிற வேலை. தீவில் மரம் இல்லை. உப்புப் பூத்த தரை, அழுகிய நண்டு வாடை, நடுவில் முழங்கால் உயரத்துக்குப் பவளக்கல் சுவர்கள். ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்பு கிறிஸ்தவத் துறவிகள் கட்டிய மடம் அது. ஆராய்ச்சிக்குப் பொறுப்பு எலேனி என்ற கிரேக்க நாட்டு அம்மா. அவர் சொல்வதைச் சூப்பர்வைசர் ரகுநாதன் தமிழில் சொன்னார்.

“மேடம் பொறந்த தீவுலயும் இந்த மாதிரி மடம் இருக்காம். அங்க இன்னிக்கும் சாமியாருங்க இருக்காங்க. இங்க இருந்தவங்களும் ஒரு நாளைக்கு ஏழு வேளை ஜெபம் பண்ணுவாங்களாம். முத்துக் குளிக்கப் போற படகெல்லாம் இங்க ஒதுங்கி ஆசி வாங்கிட்டுத்தான் போகுமாம்.”

“அப்புறம் எங்க போனாங்க?” என்றான் கார்மேகம்.

எலேனி உதட்டைப் பிதுக்கினார். சண்டை நடந்த தடயம் இல்லை. தீ வைத்த தடயம் இல்லை. ஒரு நாள் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

கிழக்கு மூலையில் ஓர் அறை மட்டும் கூரையோடு முழுசாக மண்ணுக்குள் கிடந்தது. அதற்கு வாசல் கிடையாது. கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். ஒரு துறவி உள்ளே போனதும் வெளியிலிருந்து சுவர் எழுப்பிப் பூசிவிடுவார்கள். துவாரம் வழியாக ரொட்டியும் தண்ணீரும் போகும். அவர் இறந்தால் சுவரைத் திறந்து அடுத்தவரை வைத்து மூடுவார்கள். உள்ளே ஜெபம் நிற்கக் கூடாது. கடல் கடந்து வந்தவர்கள் அந்தச் சுவரைத் தொட்டு வேண்டிக்கொள்வார்களாம்.

கார்மேகம் கடப்பாரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“ஆளிருக்கிற வீட்டை இடிக்கிற மாதிரி இருக்கு மச்சான்.”

“யல்லா, யல்லா” என்று அவசரப்படுத்தினார் ரகுநாதன்.

சுவர் விழுந்தது. உள்ளே ஓரமாக ஏழு எலும்புக்கூடுகள், கைகளை மார்பில் கட்டியபடி வரிசையாகக் கிடந்தன. நடுவில் ஒரு கல் இருக்கை. காலி.

எலேனி மூன்று முறை எண்ணினார். இடித்த சுவரின் பூச்சை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வெளியே போய் வெயிலில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒருத்தர் செத்தா அடுத்து வர்றவர்தான் அவரை ஓரமா கிடத்துவாராம்” என்றார் ரகுநாதன், குரலைத் தாழ்த்தி. “கடைசியா பூசின சுவரை அதுக்கப்புறம் யாரும் திறக்கவே இல்ல. நாமதான் திறந்திருக்கோம்.”

“சரி” என்றான் பன்னீர்.

“அப்போ ஏழாவது ஆளைக் கிடத்தினது யாரு?”

அன்று மாலையிலிருந்து கார்மேகம் சாப்பிடவில்லை. மறுநாள் டீ நேரத்தில் தேடியபோது அந்தக் கல் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். சத்தமில்லாமல் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

“அவரு எந்திரிச்சு எனக்கு இடம் குடுத்துட்டாரு மச்சான்” என்றான்.

பன்னீர் அவனை இழுத்து வந்து கேபினில் படுக்க வைத்தான். ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி ரகுநாதனிடம் கெஞ்சினான்.

“மூடுபனிப்பா. போட் மாஃபி, வராது. நாளைக்குப் பாக்கலாம்.”

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கார்மேகத்தின் படுக்கை காலியாக இருந்தது. வெளியே ஒரே வெள்ளை. நீட்டிய கை கண்ணுக்குத் தெரியவில்லை. கடல் சத்தம்கூட இல்லை. பன்னீர் கிழக்கு மூலைக்குத் தட்டுத் தடுமாறிப் போனான்.

அங்கே சுவர் இருந்தது.

அவர்கள் இடித்த அதே சுவர். பூச்சில் ஒரு கீறல் இல்லை. உப்புக்கூடப் பழைய உப்பு.

“மாப்ள” என்றான் துவாரத்தில் வாய் வைத்து.

“சத்தம் போடாத மச்சான். நடுவுல நிறுத்தக் கூடாது.”

“வெளிய வா மாப்ள. வசந்தி இருக்கா.”

உள்ளே ஒரு கை சுவரைத் தடவிப் பார்க்கும் சத்தம்.

“வாசல் எங்க இருக்கு?”

துவாரம் வழியாக ஒரு கை வந்தது. பன்னீர் இரண்டு கைகளாலும் அதைப் பற்றிக்கொண்டான். சூடான, காப்புக் காய்த்த கை. பிடித்திருக்கும்போதே அது இளைத்தது. தோல் சுருங்கியது. விரல்கள் குச்சியாயின.

பிறகு அது மெல்ல நழுவி உள்ளே போனது.

பன்னீர் போட்ட கூச்சலில் ஆட்கள் கடப்பாரையோடு ஓடி வந்து இடித்தார்கள். உள்ளே கார்மேகம் இல்லை. ஓரத்தில் எட்டு எலும்புக்கூடுகள் கிடந்தன. எட்டாவதும் மற்றவை போலவே பழுப்பேறிக் கறுத்திருந்தது. அதன் வலது கால் எலும்பில் ஒரு ஸ்டீல் பிளேட்டும் நாலு ஸ்க்ரூவும். பைக்கில் விழுந்த கார்மேகத்துக்கு மதுரையில் அதை வைத்த அன்று, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்தவன் பன்னீர்.

கடலில் மூழ்கியதாகப் போலீஸ் எழுதிக்கொண்டது. எலேனி எல்லாவற்றையும் மண் போட்டு மூடச் சொல்லிவிட்டு யாரிடமும் பேசாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார். விசாரணை முடியும்வரை பன்னீர் நாட்டை விட்டுப் போக முடியாது. ஷார்ஜாவில் தொழிலாளர் கேம்பில் போட்டார்கள். தங்கையிடம் அவனும் கடல் என்றே சொன்னான். வேறு என்ன சொல்வது?

பதினாறாம் நாள் சாயங்காலம் வசந்தகுமாரி போன் செய்தாள். அழவில்லை. கிசுகிசுத்தாள்.

“போட்டோவுக்கு முன்னால படையல் வச்சு, தரையில சாம்பல் தூவிக் கதவைச் சாத்தினோம்ணே. அவரு வந்தா காலடி தெரியும்ல.”

“தெரிஞ்சுதா?”

“அண்ணே, அவரு கூட எத்தனை பேரு இருந்தாங்க?”

பன்னீர் போனை மறு காதுக்கு மாற்றினான்.

“எல்லாம் உள்ள வந்த தடம்ணே” என்றாள். “வெளிய போன தடம் ஒண்ணுகூட இல்ல.”