தண்ணீர் வார்க்காத மிஷின்

மிருசுவிலுக்கு அப்பால், பற்றைக்காடு தொடங்கும் இடத்தில் நமசிவாயத்தின் காணி. நானும் மனைவியும் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி. நீக்கிலாப்பிள்ளையின் மாட்டு வண்டிலில் என் விறகு பிளக்கும் மிஷின் இருந்தது. விறாந்தையில் நமசிவாயம் செத்துக் கிடந்தான்.

சந்தோஷமாகத்தான் போனேன். இனி அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவன் என் மனைவி செல்வநாயகியின் முறை மச்சான். அவளை அவனுக்கென்றுதான் பேசி வைத்திருந்தார்கள். இடையில் புகுந்து நான் கட்டினேன். அவன் வேறு யாரையும் கட்டவில்லை. சுருட்டுக் கொட்டிலில் புகையிலைக்குக் கோடாப் பாணி தடவிக்கொண்டே நாற்பது வயதுவரை இருந்துவிட்டான். அந்தக் கோடாவின் இனிப்பும் கசப்புமான மணம் அவனுக்கு முன்னே வரும். பதினொரு வருடத்தில் அவன் எங்கள் படலையைத் தாண்டியதில்லை. செல்வநாயகியும் அவன் பெயரை ஒருநாள் சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திராது. சொல்லாமல் எங்கே வைத்திருக்கிறாள் என்று நினைத்துத்தான் வயிறு பற்றியெரியும்.

அது தொண்ணூற்றிரண்டு. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் எஞ்சினுக்கே சொட்டுச் சொட்டாகக் கிடைத்த காலம், ஊர் முழுக்க விறகடுப்பு. தோட்டத்துக்கு நீர் இறைக்கிற எஞ்சின் ஒன்றை வைத்து அச்சுவேலிச் சிமியோன் அந்த மிஷினைச் செய்து தந்திருந்தான். எஞ்சின் சுற்ற, முன்னால் உள்ள கூர் இரும்பு குற்றிக்குள் திருகிக்கொண்டு இறங்கிப் பிளந்துவிடும். குற்றிகளை வீட்டுக்கு இழுப்பதைவிட மிஷினைக் காட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது லேசு. என் தொழிலே அந்தப் போக்குவரத்துத்தான்.

செத்தவீட்டுக்குக் கேட்டால் மறுக்கக்கூடாது என்பது ஊர்முறை. அவனுடைய காணி மாமரத்தையே தறித்துப் போட்டிருந்தார்கள். நான் வாய்க்குள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பிளந்தேன். ஒவ்வொரு குற்றியும் பிளந்தபோது இவனுக்கு இனி இடமில்லை, இடமில்லை என்று மனம் கூத்தாடியது. பச்சை மாவிறகில் பால் மணம்தான் வரவேண்டும். கடைசிக் குற்றி பிளந்தபோது கோடா மணம் வந்தது.

பின்னேரம் பிரேதம் போனது. நான் சுடலைக்குப் போகவில்லை. மிஷினை வண்டிலில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். செல்வநாயகி கிணற்றடியிலிருந்து வாளி நிறையத் தண்ணீரோடு வந்தாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

இதுவும் ஊர்முறைதான். செத்தவீட்டு விறகில் பட்ட இரும்பை, கோடாலியோ மிஷினோ, அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் வார்த்துக் கழுவாமல் காணியை விட்டு எடுக்கமாட்டார்கள். எடுத்தால் செத்தவர் அதோடு வந்துவிடுவாராம். எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அவனுக்காக அவள் துலாவை இழுத்து, சேலை நனைய, வாளி தூக்கி வருகிறாளே! எனக்கு ஒருநாள் அப்படி ஓடி வந்திருப்பாளா?

"நீ விட்ட கண்ணீர் போதாதே?" என்றேன். வாளியைப் பறித்துத் தரையில் கொட்டினேன்.

அவள் நனைந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி வாக்காமல் கொண்டு போகாதேங்கோ. பிறகு என்னிலை குறை சொல்லக்கூடாது."

"வண்டிலை எடு," என்றேன் நீக்கிலாப்பிள்ளையிடம்.

காலையில் ஓட்டமும் நடையுமாக வந்த மாடுகள் அரைக் கட்டை தூரம் போகுமுன் நுரை தள்ளின. ஒழுங்கையில் வெயில் அடித்தது, காற்று இல்லை, ஒரு காகம்கூடக் கரையவில்லை. வண்டில் சில்லு மணலில் ஒரு சாண் புதைந்து புதைந்து எழும்பியது. நான் முன்னால் மாட்டோடு நடந்தேன். செல்வநாயகி பின் பலகையில் கை வைத்தபடி நடந்து வந்தாள்.

திடீரென்று நுகம் மாடுகளின் கழுத்தைவிட்டு மேலே கிளம்பியது.

"பின்பாரம்," என்றான் நீக்கிலாப்பிள்ளை மெதுவாக. "பஞ்சலிங்கண்ணை, பின்னாலை ஆர் ஏறினது?"

ஒருவரும் ஏறவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். மிஷின் கட்டியபடியே இருந்தது. செல்வநாயகி பலகையிலிருந்து கையை எடுத்து, நெற்றியில் விழுந்த மயிரைச் சரி செய்துகொண்டாள்.

மிஷினைத் தாழ்வாரத்தில் இறக்கினோம். அன்றிலிருந்து என் வீட்டில் கோடா மணம். முதலில் மிஷினடியில், பிறகு அடுப்படியில், பிறகு எங்கள் பாயில். செல்வநாயகியோ கோபப்படவில்லை, அழவில்லை. தலைக்கு முழுகிச் சாம்பிராணி பிடித்தாள். முற்றம் கூட்டும்போது தனக்குள் சிரித்தாள். பதினொரு வருடம் உப்புக் கல் மாதிரி இருந்தவள் கதைக்கத் தொடங்கினாள், நான் இல்லாத பக்கமாக. வாசலில் என் நிழல் விழுந்ததும் நிறுத்திவிடுவாள். யாரோடு கதைக்கிறாய் என்று கேட்டேன். ஒருவரோடும் இல்லை என்றாள். பொய் சொல்லும்போது அவ்வளவு வடிவாக இருந்தாள்.

செத்தவனைப் பார்த்து எரிச்சல்படுவதா என்று என்னையே ஏசிக்கொண்டேன். எரிச்சல் அடங்கவில்லை. பெண்சாதி என் கையை விட்டுப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எட்டாம் நாள் விடிய நீக்கிலாப்பிள்ளையைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். மிஷின் போனால் தொழிலும் போகும். போகட்டும், அவள் போதும். வந்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட்டால் அவனும் அங்கேயே கிடப்பான்.

வழி முழுக்க மாடுகள் லேசாக நடந்தன. நுகம் அசையவில்லை. நான் சந்தோஷப்பட்டேன், மடையன்.

அவன் காணியின் கிணற்றடியில் மிஷினை இறக்கி, வாளி வாளியாகத் தண்ணீர் வார்த்தேன். போதும், இனி வராதே என்று வாய்விட்டுச் சொன்னேன். தண்ணீர் மண்ணில் சுவறியது. கோடா மணம் துளிகூட வரவில்லை.

வீடு வந்தபோது மத்தியானம். செல்வநாயகி முற்றத்தில் நின்றாள். கூறைச் சேலைக்குப் பிறகு அவள் அப்படி உடுத்து நான் பார்த்ததில்லை. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

"அவனைக் கொண்டுபோய் விட்டிட்டு வாறன்," என்றேன்.

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"வெறும் மிஷினை ஏன் கொண்டு போனனீங்கள்? அவர் வந்த அண்டைக்கே இறங்கிட்டாரே."

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

வீட்டில் நாங்கள் இருவர்தான். இருவரும் வெளியே நின்றோம்.

கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

நான் கட்டிய வீடு. நான் போட்ட கதவு. ஓடிப்போய் இரண்டு கையாலும் தட்டினேன்.

உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது, வீட்டுக்காரன் கேட்கிற மாதிரி, சாவகாசமாக.

"ஆரது?"