முந்தி வந்த எதிரொலி

செயற்கைக்கோளைத் திருப்பிய பிறகும் திரையில் அந்தச் சின்ன முகடு மட்டும் தேயவில்லை.

பொறியாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். விண்ணில் போய் நின்ற புதுச் செயற்கைக்கோளின் ஆன்டெனா ஒழுங்காக இயங்குகிறதா என்று பத்து நாளாகச் சோதனை. இங்கிருந்து அனுப்பும் சிக்னல் மேலே போய்க் கால் விநாடியில் திரும்பும். கோளை வேறு பக்கம் திருப்பத் திருப்ப திரையில் அதன் முகடு தேய வேண்டும். தேய்ந்தது. ஆனால் அதற்கு ஒரு நூலளவு முந்தி இன்னொன்று வந்துகொண்டிருந்தது.

"வோல்டேஜா இருக்கும்மா," என்றார் டெக்னீஷியன். எந்தக் கோளாறுக்கும் அவர் சொல்லும் காரணம் அதுதான். அதனால் நிலையத்தில் எல்லோருக்கும் அவர் வோல்டேஜ் அண்ணன்.

"இல்லண்ணே. மேல போற வழியில எதுலயோ பட்டுத் திரும்புது."

"நம்ம அலைவரிசையில பேய் வந்தாகூட லைசென்ஸ் வாங்கித்தான் வரணும்." சிரித்தபடி டிஷ்ஷைப் பார்த்துவர வெளியே போனார்.

ஏசியின் முனகலும், சூடேறிய ஒயர்களின் பிளாஸ்டிக் வாடையும், ஜன்னல் திரையின் ஓரமாகக் கசிந்து மேசைமேல் நடுங்கிய சாயங்கால வெயிலும் அவளை உட்காரவிடவில்லை. எழுந்தாள். உட்கார்ந்தாள். எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டாள். இருபதாயிரம் கிலோமீட்டர். கோள் இருப்பதோ முப்பத்தாறாயிரத்தில். தப்பாக இருக்கும் என்று மறுபடி பார்த்தாள். ஒன்பதாயிரம்.

இறங்குகிறது. கயிற்றைப் பிடித்து இறங்குவதுபோல, சிக்னலைப் பிடித்துக்கொண்டு.

நானூறு.

சிக்னலை நிறுத்தினாள். கோளிலிருந்து வந்தது சட்டென்று அறுந்தது. சின்ன முகடு அறுபடவில்லை. வளர்ந்தது. திரையை நிறைத்தது.

போன் போட்டாள். "அண்ணே, உடனே உள்ள வந்துடுங்க."

"ஏம்மா? டிஷ்ல ஒண்ணுமே இல்லையே."

ஜன்னல் திரையை விலக்கினாள். உண்மைதான். வெள்ளை டிஷ் காலியாக வானத்தைப் பார்த்திருந்தது. கீழே அவர், போனைக் காதில் வைத்தபடி.

பிறகு தரையைப் பார்த்தாள். டிஷ்ஷின் நிழல். அதன் குழிவில் ஏதோ குந்தியிருந்தது. மடங்கிய கால்கள். நிறைய.

"அண்ணே, ஓடுங்க."

"ஒண்ணுமே இல்லம்மா."

ஒரு கால் விரிந்தது. தரையோடு நீண்டது. அவருடைய நிழலைத் தொட்டது.

"ஒண்ணுமே இல்லம்மா," என்றார் மறுபடி, அதே நிதானத்தில். அவருடைய செருப்புகள் தரையிலேயே இருந்தன. அவர் அந்தக் காலி டிஷ்ஷை நோக்கி மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தார்.