மூலையில் நின்ற காற்று

லாரியிலிருந்து இறக்கும்போதே எடை கூடியிருந்தது. பதினோரு வருடமாகச் சுமக்கிற காற்றுக் கோட்டைச் சுருட்டு. எந்த மடிப்பு தோள் எலும்பில் உட்காரும், எந்த முனை இடுப்பை இடிக்கும் என்பதெல்லாம் கோட்டைக்காரனின் உடம்புக்குப் பாடம். நாலு பேர் ஆளுக்கொரு மூலை பிடித்தால் மூச்சு வாங்காமல் முப்பதடி போகலாம். இன்றைக்குப் பத்தடிக்கு ஒரு தடவை இறக்கி வைத்தான். அவன் பிடித்த மூலை மட்டும்தான் கனத்தது. மற்ற மூன்று பேரும் கதை பேசிக்கொண்டு வந்தார்கள்.

"என்ன மகாராஜா, கோட்டை கனக்குதா, வயசு கனக்குதா?" என்றான் ராட்டினக்காரன்.

"கழுவினதுல தண்ணி கோத்திருக்கும்."

கழுவியது உண்மை. போலீஸ் நாலு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்ததும் அவன் பெண்டாட்டிதான் பினாயிலை ஊற்றி, விளக்குமாறு தேயத் தேயக் கழுவினாள். அதன்பிறகு ஐந்து நாள் அது வெயிலில் காய்ந்ததும் உண்மைதான்.

கோடை பிறந்துவிட்டால் அவர்களுக்கு வீடு என்று ஒன்று கிடையாது. இந்த ஊரில் மூன்று நாள் கண்காட்சி, அடுத்த ஊரில் ஐந்து நாள், அதற்கடுத்த ஊர் ஆற்று மணலில் ஒரு வாரம். ராட்டினம், துப்பாக்கி பலூன், பஞ்சு மிட்டாய், ஊர்க்காரர்கள் வளர்த்த பூச்செடிகளுக்குப் பரிசு. அதற்கு நடுவே இவனுடைய காற்றுக் கோட்டை. நாலு மூலையிலும் நாலு கோபுரம் வைத்துத் தைத்த தடித்த ரெக்சின் துணி. பின்னால் ஒரு மோட்டார் ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். உள்ளே பிள்ளைகள் குதிப்பார்கள். மோட்டார் நின்றால் இரண்டே நிமிடத்தில் கோபுரமெல்லாம் மடங்கிக் கோட்டை தரையோடு படுத்துவிடும்.

போன ஊரில் அப்படிப் படுத்தபோதுதான் உள்ளே ஒரு பெண் குழந்தை இருந்தது. ஐந்து வயது. அதற்காக இப்போது ஜெயிலில் இருப்பவன் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தவன். இவனுடைய மச்சினன்.

முளைகளை அடித்து முடித்து நிமிர்ந்தபோது பெண்டாட்டி டிக்கெட் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு முதல் பஸ்ஸுலயே போயிடணும். சட்டையைத் துவைச்சு வச்சிருக்கேன்."

"ம்."

"கோர்ட்டுல கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. என் தம்பியாச்சேன்னு பாக்க வேண்டாம். கரண்ட்டை நிறுத்தினது அவன்னா அவன்தான் அனுபவிக்கணும். பெத்தவ வயிறு எரியுதுல்ல?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் நியாயம் பேசினாள். அவன் மோட்டார் பக்கம் போய்விட்டான்.

உள்ளது என்ன என்பது உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அன்று கடைசி நாள். பொழுது சாயும் நேரம், லாரி வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "எல்லாரும் வெளிய வாங்க" என்று ஒரு குரல் கொடுத்தான். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் குதித்து ஓடினார்கள். வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு மிச்சம் கிடந்தது. அது ஒன்றும் புதிதில்லை. தினம் இரண்டு பிள்ளையாவது வெறுங்காலோடு வீட்டுக்குப் போகும். அதற்கென்றே லாரியில் ஒரு சாக்கு வைத்திருந்தான். இதையும் எடுத்துச் சாக்கில் போட்டுவிட்டு, தன் கையாலேயே மோட்டாரை அணைத்தான். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கோட்டை படுத்ததும் மேலே ஏறி, வழக்கம்போல ஓரத்திலிருந்து காற்றை மிதித்துக்கொண்டே வந்தான். கடைசி மூலையில் காலுக்கடியில் ஏதோ புடைத்தது. காற்று மாட்டியிருக்கிறது என்று நினைத்தான். குதிகாலால் ஓங்கி இரண்டு மிதி மிதித்தான்.

அந்த நேரம் பார்த்து மைதானம் இருண்டது. டீசல் ஊற்ற மச்சினன் ஜெனரேட்டரை நிறுத்தியிருந்தான். இருட்டுக்குள் ஒரு தாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

குழந்தை விளையாடிக் களைத்து மூலையில் தூங்கியிருக்கிறது. விலா ஒடிந்திருந்ததற்கு, துணியைத் தூக்கிய கூட்டத்தில் யாரோ மிதித்ததாகப் போலீஸில் எழுதிக்கொண்டார்கள். "கரண்ட் போச்சு சார், ஓடி வர்றதுக்குள்ள விழுந்துடுச்சு" என்று இவன் சொன்னபோது, மச்சினன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "நான்தான் மாமா. டீசலுக்காக நிறுத்திட்டேன் மாமா. நானே கொன்னுட்டேன்." இவன் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தான். அந்தக் கையை அதன்பிறகு எத்தனை தடவை கழுவியிருப்பான் என்று அவனுக்கே கணக்கில்லை.

மோட்டாரைப் போட்டான்.

மூன்று கோபுரம் எழுந்தது. நாலாவது, காலையில் கனத்த அந்த மூலை, தலை தூக்கவில்லை. மற்றவை விறைத்து நின்று வெகுநேரம் கழித்துத்தான், தூக்கம் கலைந்த பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் எப்படித் துவண்டு துவண்டு எழுமோ அப்படி எழுந்தது. கிட்டே போனான். பினாயில் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, வியர்த்த தலைமுடியும் புளித்த பாலும் கலந்த வாடை, பிள்ளை தூங்கி எழுந்த தலையணையில் வருமே அது. தையல் வழியாகக் காற்று கசிந்தது. எல்லாக் கோட்டையும் கசியும், இரைந்துகொண்டே. இது விட்டு விட்டுக் கசிந்தது. வாங்கி, விட்டு. வாங்கி, விட்டு.

மதியம் கழிந்ததும் கூட்டம் வந்தது. ஏழு பிள்ளைகளை உள்ளே விட்டான். இப்போதெல்லாம் செருப்பை நம்புவதில்லை. தலையைத் தொட்டு எண்ணுகிறான். ஏழு. வெயில் வெள்ளையாக எரிந்தது. மைக்கில் பூச்செடிப் பரிசு யாருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மைக் பாதிப் பேச்சில் அடங்கியது.

ராட்டினம் நின்றது. பாட்டு நின்றது. மோட்டாரின் இரைச்சலும் நின்றது.

"கரண்ட் போச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

உள்ளே பாய்ந்தான். கையில் கிடைத்ததை எல்லாம் வெளியே தள்ளினான். ஒன்று, இரண்டு, அழுதுகொண்டே மூன்று, ஏழு. ஏழு. திரும்பவும் உள்ளே தலையை விட்டு நாலு மூலையும் பார்த்தான். யாரும் இல்லை. கோபுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. கோட்டை படுத்தது.

ஒரு மூலை மட்டும் படுக்கவில்லை.

முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்த பிள்ளை அளவுக்கு ஒரு புடைப்பு.

"உள்ள யாரோ இருக்காங்க!" ஒரு தாய் அலறினாள். ராட்டினக்காரனும் இன்னும் நாலு பேரும் துணியைத் தூக்கினார்கள். வெறும் தரை. விட்டார்கள். துணி விழுந்தது. அதே இடத்தில் அதே புடைப்பு.

கூட்டம் சிரித்துவிட்டது. பயம் தெளிந்த சிரிப்பு. "அட, காத்துய்யா!" என்றான் ராட்டினக்காரன். "மகாராஜா, ஏறி நாலு மிதி மிதி. சனங்க பயப்படுது."

அவன் நகரவில்லை.

பெண்டாட்டி டிக்கெட் மேஜையை விட்டு வந்திருந்தாள். "மிதிச்சு விடுங்க."

"வேண்டாம்."

"ஏன்?"

"தானா இறங்கும்."

"தானா இறங்காதுன்னு நீங்கதானே சொல்வீங்க? ஓரத்துலேர்ந்து மிதிச்சுக்கிட்டே வந்தாத்தான் காத்து போகும்னு." சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அவள் குரல் தேய்ந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். புடைப்பைப் பார்த்தாள். மறுபடி அவன் முகத்தை.

"அன்னைக்கு..." என்றாள். "அன்னைக்கு நீங்க இது மேல ஏறினீங்களா?"

வாயைத் திறந்தான். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"என் தம்பி கரண்ட்டை நிறுத்தினப்ப, கோட்டை நின்னுக்கிட்டா இருந்துச்சு?"

மோட்டார்ப் பக்கத்து ஓரத்தில் துணி அமுங்கியது.

ஒரு குழி. குதிகால். அப்புறம் பாதம். அப்புறம் ஐந்து விரல். அடுத்து இன்னொன்று, ஒரு எட்டு முன்னால். யாரும் இல்லை. துணி மட்டும் அமுங்கியது. இடது. வலது. காற்று புஸ்ஸென்று ஓரத்தில் வெளியேறியது. வேலை தெரிந்த கால். அவசரப்படவில்லை. ஒரு மடிப்பு விடாமல், வரிசை பிசகாமல், மிதித்துக்கொண்டே மூலையை நோக்கி வந்தது.

கயிற்றுக்கு வெளியே பிள்ளைகள் கைதட்டினார்கள். வித்தை என்று நினைத்தார்கள்.

பெண்டாட்டி கைதட்டவில்லை. துணியில் விழும் குழிகளைப் பார்த்தாள். பிறகு மெல்லக் குனிந்து, மண்ணில் அசையாமல் நின்ற அவனுடைய வெறுங்கால்களைப் பார்த்தாள்.

"நீயா?" என்றாள்.

குழிகள் மூலைக்கு வந்துவிட்டன. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாதம். நின்றன.

புடைப்பு அசைந்தது. தூக்கத்தில் காலடிச் சத்தம் கேட்ட பிள்ளைபோல், முழங்காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டது.

இடது குழி ஆழமாயிற்று. வலது குழியில் துணி மெல்ல மேலெழுந்து சமமாயிற்று.

கால் தூக்கியாயிற்று.