சிமிட்டும் மீட்டரும் நடு சைஸ் பேட்டரியும்

அப்பாவுக்கு எதை வாங்கினாலும் பெரியதாக வாங்க வேண்டும். போன வருஷம் அவர் வாங்கி வந்த சோபா வாசலில் நுழையவே இல்லை. கதவைக் கழற்றி, அண்ணனின் கால் விரலை நசுக்கி, ஒருவழியாக உள்ளே வந்து சேர்ந்தது.

இந்த முறை பேட்டரி.

மாடியில் சோலார் தகடுகள் இருந்தன. ஆனால் பொழுது சாய்ந்தபின் கரண்ட் போனால் வீடே இருட்டுதான். போன மாதம் அப்படிப் போனதில் ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்காக ஆர்டர் எடுத்து அம்மா செய்து வைத்திருந்த கேக்கின் கிரீம் கூழாகிவிட்டது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அம்மா அழுதாள்.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கேக் செய்யறதையே விட்டுடுவேன்!”

அதனால்தான் அன்று மாலை பேட்டரிக் கடைக்காரர் வந்திருந்தார்.

“இருக்கறதுலயே பெருசா குடுங்க,” என்றார் அப்பா.

கடைக்காரர் விலையைச் சொன்னார். அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது.

“அரசாங்க மானியம் உண்டுல்ல?”

“உண்டு சார். ஆனா நடு சைஸ் வரைக்கும்தான் கணக்கு. பெருசு வாங்கினாலும் அதே மானியம்தான். மிச்சம் உங்க கைக்காசு.”

“நடு சைஸ் விடியற வரைக்கும் தாங்குமா?”

“நீங்க எதையெல்லாம் ஓட விடுவீங்கங்கறதைப் பொறுத்தது. அது உங்களுக்குத்தானே தெரியும்?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் விட்டத்தைப் பார்த்தான்.

“விடுங்க. பெருசுக்குப் பணம் இல்ல. பாதியில நின்னுபோற பேட்டரி எதுக்கு? நான் கேக்கையே விட்டுடறேன்,” என்று அம்மா எழுந்தாள்.

வாலு துள்ளி எழுந்தாள். பத்து வயதுக் கடைக்குட்டிக்கு வீட்டில் அதுதான் பெயர். கேக் செய்யாத அம்மாவை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“மாமா, கொஞ்ச நேரம் இருங்க!” என்று வாசலுக்கு ஓடினாள்.

வாசல் சுவரில் மின்சார மீட்டர் இருந்தது. அதில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டே இருக்கும். கரண்ட் அதிகம் செலவானால் வேகமாகச் சிமிட்டும். பந்து விளையாடும்போதெல்லாம் வாலு அதைப் பார்த்திருக்கிறாள்.

“அண்ணா, எல்லாத்தையும் அணைச்சிடு. நான் சொல்றதை மட்டும் போடு. முதல்ல ஃப்ரிட்ஜ்!”

விளக்கு தூக்கம் வந்த பூனை போல மெல்லச் சிமிட்டியது.

“ஃபேன், லைட்டு!”

கொஞ்சம்தான் கூடியது.

“இப்போ கீசர்!”

விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டது. வாலுவால் எண்ணவே முடியவில்லை. அப்பாவின் இஸ்திரிப் பெட்டிக்கும் அதே படபடப்பு.

“அப்பா! ஃப்ரிட்ஜ் குருவி மாதிரி குடிக்குது. உங்க இஸ்திரிப் பெட்டி ஒட்டகம் மாதிரி குடிக்குது!”

கடைக்காரரும் வெளியே வந்து மீட்டரைப் பார்த்தார். மனதுக்குள் கணக்குப் போட்டார்.

“பாப்பா சொல்றது சரிதான். இந்த ரெண்டையும் ராத்திரியில போடாம இருந்தா, நடு சைஸே விடிஞ்சும் மிச்சம் இருக்கும்.”

“நான் ராத்திரிதானே சட்டை தேய்ப்பேன்?” என்று அப்பா பரிதாபமாகக் கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை வெயில் இருக்கறப்பவே வாரத்துக்கும் சேர்த்துத் தேய்ச்சிடுங்கப்பா.”

“விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்,” என்று அம்மா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

நடு சைஸ் பேட்டரி வந்தது. மானியமும் முழுதாகக் கிடைத்தது.

அடுத்த மாதமே சோதனை வந்தது. எதிர்வீட்டு டாக்டர் அம்மா கேட்டிருந்த மூன்றடுக்கு கேக் ஃப்ரிட்ஜில் இருந்தபோது கரண்ட் போய்விட்டது. தெரு முழுக்க இருட்டு. ஃப்ரிட்ஜ் மட்டும் ‘ம்ம்ம்’ என்று ஓடிக்கொண்டிருந்தது. அவசரமாக ஒரு சட்டையைத் தேய்க்க அப்பா எழுந்தார்.

“அப்பா!” என்று அண்ணனும் வாலுவும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“தண்ணி குடிக்கத்தான்டா எழுந்தேன்,” என்று அப்பா உட்கார்ந்துவிட்டார்.

காலையில் டாக்டர் அம்மா பதறிக்கொண்டு வந்தார்.

“எங்க வீட்டுல பால்கூட கெட்டுப்போச்சு. கேக் என்ன ஆச்சு?”

அம்மா பெட்டியைத் திறந்தாள். கிரீமில் செய்த பூக்கள் ஒரு இதழ்கூடச் சாயாமல் நிமிர்ந்து நின்றன.

“அடடா! எப்படிங்க இது?”

அம்மா வாலுவை இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

“எல்லாம் இவ வேலை,” என்றாள். “அடுத்த கேக் எப்போ வேணும்? இப்பவே சொல்லிடுங்க!”