உப்பிய பாட்டிலும் இருபது வெள்ளைக் கோட்டும்

பம்பரத்துக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அவளுக்கு எந்த நாளும் இருப்புக் கொள்ளாது. அதனால்தான் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். ஆனால் இன்றைக்குக் காரணம் வேறு. அப்பாவின் வெட்டுமேசைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் உப்பிக்கொண்டிருந்தது.

பத்து நாளைக்கு முன்பு அதை அங்கே ஒளித்து வைத்தவள் அவள்தான். உள்ளே மீன் குடலும், அதே அளவு சர்க்கரையும் இருந்தன.

எல்லாம் கத்தரிச் செடிக்காகத்தான். பின்வாசலில், பழைய பெயின்ட் வாளியில் அவள் வளர்க்கும் செடி அது. இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பூ வந்த வேகத்தில் உதிர்ந்துவிட்டது. தெருவில் மீன் விற்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

“பசியில வாடுது, பாவம். நான் தூக்கிப் போடுற குடலை எடுத்துட்டுப் போ. சர்க்கரை போட்டு ஊற வை. இருபது நாள்ல கரைஞ்சு, தேன் மாதிரி ஆயிடும். ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு வாளித் தண்ணியில கலந்து ஊத்து. ஆனா மூடியை இறுக்காத, உள்ள காத்து உண்டாகும்.”

இறுக்காவிட்டால் நாற்றம் வருமே! அப்பா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. “துணி எந்த வாசனையையும் குடிச்சிடும்” என்று, வெங்காயம் வதக்கினால்கூடக் கதவைச் சாத்துகிறவர். பின்வாசலில் வைக்கலாம் என்றால் பூனைத் தொல்லை. பம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு மூடியை இறுக்கி, மேசைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

இப்போது பாட்டில் கல் மாதிரி இருந்தது. அடிப்பாகமும் உப்பியதால் நிற்க முடியாமல் சாய்ந்து கிடந்தது. மேசையிலிருந்து வாசல் வரை கட்டிய கயிற்றில் இருபது வெள்ளைக் கோட்டுகள் தொங்கின. ஆஸ்பத்திரிக்காகத் தைத்தவை. ஐந்து மணிக்கு ஆள் வந்து வாங்கிப் போவார். மணி நாலேகால்.

பம்பரம் உள்ளே போனாள், வெளியே வந்தாள், மூன்றாவது முறையாகத் தண்ணீர் குடித்தாள்.

“ஏம்மா, கால்ல சக்கரமா கட்டியிருக்கு?” அப்பா மிஷினிலிருந்து நிமிரவில்லை. “டீ போடலாம்னா சர்க்கரை டப்பா காலி. எல்லாம் இவன் வேலை.”

“நான் இல்லப்பா!” என்று தம்பி அலறினான். “நான் ரெண்டே ரெண்டு ஸ்பூன்தான் தின்னேன்!”

அப்போது மேசைக்கு அடியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

சொன்னால் அப்பா திட்டுவார், செடியையே பிடுங்கிப் போட்டாலும் போடுவார். சொல்லாவிட்டால்? ராத்திரி பகலாக அவர் தைத்த கோட்டுகள் அத்தனையும் பாழாகிவிடும். மறுபடி ‘டிக்’.

“அப்பா! முதல்ல கோட்டெல்லாம் மாடிக்குக் கொண்டு போயிடலாம். அப்புறம் திட்டுங்க.”

“என்னது?”

“மேசைக்கு அடியில மீன் குடல் பாட்டில் இருக்கு. வெடிக்கப் போகுது. சர்க்கரையை எடுத்ததும் நான்தான்.”

அப்பாவின் வாயிலிருந்த குண்டூசி கீழே விழுந்தது. அடுத்த நிமிடம் மூன்று பேரும் கை நிறையக் கோட்டுகளோடு மாடிப்படியில் ஓடினார்கள். தம்பிக்கு நாலு கோட்டு. தலை தெரியவில்லை, கால் மட்டும் தெரிந்தது.

கயிறு காலியானதும் அப்பா பாட்டிலை எடுக்கக் குனிந்தார்.

“வெறுங்கையால வேண்டாம்ப்பா!”

பம்பரம் ஒரு சாக்கை நனைத்துக் கொண்டுவந்தாள். பாட்டிலை அதில் சுற்றி, வாளிக்குள் இறக்கி, இருவருமாகப் பின்வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். சாக்குக்கு மேலாகவே மூடியைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நூலளவு திருகினாள். ‘புஸ்ஸ்’ என்றது. உடனே கையை நிறுத்தினாள்.

“முழுசாத் திறந்து விட்டுடேன்” என்றார் அப்பா.

“அவசரப்பட்டா அத்தனையும் நம்ம மேலதான்ப்பா.”

மீண்டும் நூலளவு. மீண்டும் ‘புஸ்ஸ்’. பம்பரம் ஒரே இடத்தில் இவ்வளவு நேரம் உட்கார்ந்து தம்பி பார்த்ததே இல்லை.

கடைசியில் பாட்டில் பழையபடி மெத்தென்று ஆனது. நாற்றம் மட்டும் ஊரைக் கூட்டியது. தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட, மதில்மேல் இரண்டு பூனைகள் வந்து உட்கார்ந்தன.

“இப்ப திட்டுங்க” என்றாள் பம்பரம்.

அப்பா குறை வைக்காமல் திட்டினார். மூச்சு வாங்கியபோது கேட்டார்: “முதல்லயே ஏன் சொல்லல?”

“செடியைப் பிடுங்கிடுவீங்கன்னு பயமா இருந்தது.”

அப்பா செடியைப் பார்த்தார். மஞ்சள் இலை ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போனார். ஐந்து மணிக்கு வந்த ஆஸ்பத்திரிக்காரர் கோட்டுகளை விரித்துப் பார்த்து, “பளிச்சுன்னு இருக்கு” என்று சொல்லி வாங்கிப் போனார்.

மறுநாள் காலை பாட்டில் பின்வாசலில், நிழலில், ஒரு கம்பிக் கூடைக்குள் பத்திரமாக இருந்தது. மூடிக்குப் பதிலாக எலாஸ்டிக் வைத்துத் தைத்த ஒரு துணித் தொப்பி.

“காத்து வெளிய போகும், ஈ உள்ள போகாது” என்றார் அப்பா. “ஆனா கடைக்குள்ள மட்டும் வரக் கூடாது.”

இருபது நாள் ஆனதும் ஒரு ஸ்பூன் எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, செடிக்கு ஊற்றினாள். வாரம் ஒரு தடவை அப்படியே செய்தாள். புது இலைகள் பச்சையாக வந்தன. அடுத்து வந்த பூ உதிரவில்லை. பூவுக்குப் பின்னால் மணி போல ஒரு பிஞ்சு எட்டிப் பார்த்தது.

அன்றிலிருந்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் கழுத்து டேப்போடு பின்வாசலுக்கு வந்து பிஞ்சை அளந்தார்.

“எதுக்குப்பா தினமும் அளக்கறீங்க?”

“வளர்ற பிள்ளை” என்றார் அப்பா. “சட்டை கொஞ்சம் லூசாத்தான் தைக்கணும்.”