பதினாறு பாகை

கடகட, கடகட என்று எங்கோ ஏதோ ஒன்று ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. மாமியாரின் சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் நின்ற றொசானி அதைக் கேட்டபோது பயப்படவில்லை. அவளுக்குக் கோபந்தான் வந்தது. ஆறு வருடமாக அந்த வீட்டில் எது பழுதானாலும் பழி அவள் தலையில்தான் விழுந்திருந்தது.

தாண்டவன்வெளியில் வாவியைப் பார்த்து நின்ற அந்த வீட்டைக் கட்டுவித்தவர் கணவனின் அண்ணன் ஜெயராஜா. நடையின் கோடியில் ஒரு சிற்றறைக்குள் குளிரூட்டும் இயந்திரம். அதிலிருந்து சுவர்களுக்குள் ஓடும் தகரக் குழாய்கள். அறைதோறும் தரையோடு ஒட்டி ஒரு காற்றுவாய். ‘கனடாவில் இப்படித்தான்’ என்று ரொறன்ரோவிலிருந்து கட்டளை வந்தது. குளிரைக் கூட்டுவதும் குறைப்பதும்கூட அவருடைய கைப்பேசியிலிருந்துதான். சுவரிலிருந்த சிறு பலகையில் றொசானி ஓர் எண்ணை மாற்றினால், கடல்களுக்கு அப்பாலிருந்து ஒரு விரல் அதைத் திருப்பி மாற்றிவிடும்.

பிலோமினா மாமி இறந்து இரண்டு நாள். மூத்த மகன் முகம் பார்க்காமல் பெட்டி மூடப்படாது. அவர் டோஹா விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தார்; அழைத்துவர அவள் கணவன் ஜொய்சன் விடியுமுன்பே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்பட்டுவிட்டான். “குளிர் நிண்டா நாளைப் பின்னேரம் வரைக்கும் தாங்காது” என்று உடலைப் பதப்படுத்திய மலர்ச்சாலைக்காரன் எச்சரித்திருந்தான். ஆகவே ஊர்வழக்கத்துக்கு மாறாகச் சாவீட்டுக் கதவு சாத்தப்பட்டது. வந்தவர்களெல்லாம் வெளியே பந்தலில் இருந்தார்கள்.

பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா கதவைச் சற்றுத் திறந்து தலையை நீட்டினாள்.

“சாவூட்டுக் கதவச் சாத்துறதாகா புள்ள? இதென்ன ஐஸ்பெட்டியா?”

“கனடாச் சட்டம் அக்கா. அவர் வந்தா அவரிட்டயே கேளுங்க.”

“நல்ல சட்டம்! கிழவி உசிரோட இரிக்கக்குள்ளயும் விறைச்சா, செத்தும் விறைக்கிறா” என்று சொல்லிவிட்டு அவள் செபமாலையோடு பந்தலுக்குப் போனாள்.

அந்தச் சொல் றொசானியின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. பதில் சொல்ல வாயெடுக்குமுன் கைப்பேசி அடித்தது; டோஹாவிலிருந்து ஜெயராஜா.

“என்ன றொசானி, இஞ்ச போன்ல இருபத்தேழு காட்டுது! என்ன செய்தீங்க?”

“நான் ஒண்டும் செய்யல்ல பெரியத்தான். அது தானா…”

“தானா ஒண்டும் நடக்காது. நாலு விசயம் பாருங்க, சின்னப் புள்ளைக்கும் விளங்கும். கரண்ட் பெட்டியில சுவிச் விழுந்திரிக்கா? தூசி பிடிக்கிற சல்லடை அடைச்சிரிக்கா? மிசினுக்குள்ள ஐஸ் பிடிச்சிரிக்கா? காத்து வாற வாயெல்லாம் துறந்திரிக்கா?”

தாயைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. றொசானி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

சுவிச்சு விழவில்லை. சல்லடையில் சாம்பிராணிப் புகையின் கரி படிந்திருந்தது, கழுவி மாட்டினாள். சிற்றறையில் இயந்திரத்தின் மூடியைக் கழற்றியபோது, உள்ளேயிருந்த செப்புச் சுருளெங்கும் உப்பு விளைந்ததுபோல் வெள்ளையாகப் பனிக்கட்டி.

“அதுதான்! காத்தை எங்கயோ அடைச்சிரிக்கு, அதால ஐஸ் பிடிச்சிரிக்கு. ஆடுற சத்தமும் அதுதான். நான் குளிரை நிப்பாட்டுறன், காத்தாடி மட்டும் ஓடட்டும். உருகினாப் பிறகு வாயெல்லாத்தையும் பாருங்க.”

உச்சிவேளை. திரை இழுத்த கூடத்தில் மெழுகுதிரிகள் ஆடாமல் எரிந்தன. பனி சொட்டுச் சொட்டாகக் கரைய, வெம்மை மெல்ல மெல்ல அறைகளுக்குள் ஏறி, வாடும் பூவின் வாசனையையும் மலர்ச்சாலை மருந்தின் நெடியையும் பிசைந்து ஒன்றாக்கியது. கடகடப்பு அடங்கிவிட்டது. அந்த அமைதியில் அவளுக்கு மாமியின் குரல் நினைவு வந்தது.

“குளிருது புள்ள.”

வெம்மைக்குப் பிறந்த உடம்பு அது. கிழவி தரையில் அமர்ந்து, பழஞ்சேலையைக் கிழித்து, உருட்டி, ஒற்றை முடிச்சிட்டுக் காற்றுவாய்களை ஒவ்வொன்றாய் அடைப்பாள். உடனே கனடாவிலிருந்து ஏச்சு வரும்: மிசினைப் பழுதாக்கிப் போட்டீங்களா? அந்த ஏச்சு தந்த கோபத்தோடு றொசானி துணிகளைப் பிடுங்கி எறிவாள். மறுநாள் மீண்டும் அடைப்பு, மீண்டும் பிடுங்கல். முள்ளம்பன்றியோடு ஒரே வளைக்குள் படுத்த முயல், தன்னைக் குத்துவது அதன் முள்ளா தன் அசைவா என்று கடைசிவரை அறியவில்லையாம். அப்படித்தான் அந்த இருவரும் ஆறு வருடம் வாழ்ந்தார்கள். பின்பு கிழவியின் நெஞ்சில் சளி கட்டியது. பின்பு மூச்சு நின்றது. முந்தாநாள் அந்தத் துணிகளையெல்லாம் வாவிக்கரையில் போட்டு அவள்தான் எரித்தாள். ஒரு துண்டும் மிச்சமில்லை.

மாமியின் அறையில் முழந்தாளிட்டுக் காற்றுவாயின் கம்பித் தட்டைக் கழற்றினாள். கையை விட்டாள். ஈரமாக, மென்மையாக ஏதோ பட்டது.

ஒரு வெள்ளைக் காலுறை. உருட்டி, ஒற்றை முடிச்சிட்டு.

‘எந்தக் குரங்குக் குட்டியின்ர வேலை இது!’ என்று சீறினாள். சாவுக்கு வந்தவர்களின் பிள்ளைகள்தான். மலர்ச்சாலைக்காரன் மிச்சம் விட்டுப்போனதை எடுத்து விளையாடியிருக்கிறார்கள். அவனையும் ஏசினாள். பிள்ளைகளைப் பெற்றவர்களையும் ஏசினாள். ஏசிக்கொண்டே அடுக்களைக்குப் போனாள்.

அங்கே மற்றக் காலுறை.

ஏச்சு நின்றது.

அவளுடைய சொந்தப் படுக்கையறையில், கட்டிலுக்கு அடியில், ஒரு கையுறை. வெள்ளை. ஈரம். அதே முடிச்சு. அந்தக் கையுறையை அவளுக்குத் தெரியும். மாமியின் விறைத்த விரல்களை ஒவ்வொன்றாய் நிமிர்த்தி நேற்று அதை மாட்டியவள் அவளேதான்.

கூடத்துக் காற்றுவாய் பெட்டிக்குப் பின்னால், மலர்வளையங்களின் மறைவில் இருந்தது. பெட்டியைப் பார்க்காமல் குனிந்தாள். பார்க்காமலே கையை விட்டாள். இழுத்தாள். மற்றக் கையுறையும் வந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. “துறந்திட்டீங்களா? குளிரை விடுறன்.”

சிற்றறையில் இயந்திரம் பெருமூச்சு விட்டது. குளிர்ந்த காற்று அவளுடைய கணுக்கால்களைத் தடவிக்கொண்டு கூடத்துக்குள் பரவியது. சுவர்ப் பலகையில் எண்கள் தாமாக இறங்கின. இருபது. பத்தொன்பது. பதினெட்டு.

கட.

கடகட.

சிற்றறைக்கு ஓடினாள். செப்புச் சுருளில் பனியில்லை. தட்டில் நீரில்லை. ஆணியெல்லாம் இறுக்கமாக இருந்தன. குழாயில் காதை வைத்தாள். காற்று மட்டும்.

கடகட, கடகட.

கூடத்தில்.

அந்த ஒலியை அவள் அறிவாள். ஆறு வருடம் இரவுணவு மேசையில் கேட்ட ஒலி. ‘குளிருது புள்ள’ என்ற சொற்களுக்கு நடுவே கிழவியின் கட்டுப்பல் ஒன்றோடொன்று மோதும் ஒலி. மலர்ச்சாலைக்காரன் முகம் ஒட்டாதிருக்க அதை வாயில் மாட்டித்தான் விட்டிருந்தான்.

பதினேழு.

பலகைக்குத் தாவி ‘கூட்டு’ என்ற பொத்தானை அழுத்தினாள். பதினெட்டு. உடனே அது திரும்பி இறங்கியது. மறுபடி அழுத்தினாள். மறுபடி இறங்கியது.

பதினாறு.

“நிப்பாட்டுங்க!” என்று கைப்பேசியில் கத்தினாள். “அவவுக்குக் குளிருது! நிப்பாட்டுங்க!”

மறுமுனையில் ஆளில்லை. விமானம் ஏறியிருந்தார்.

கதவுக்கு வெளியே பந்தலில் செபமாலை முடிந்து நாற்காலிகள் நகர்ந்தன. செபஸ்தியம்மாவின் குரல் கேட்டது.

“என்னகா புள்ள கத்துறாய்? சரியா? இப்ப குளிருதா?”

றொசானி திரும்பினாள்.

அவள் மார்புவரை விரித்துவிட்டிருந்த வெள்ளைச் சரிகைத்துணி இப்போது கிழவியின் மோவாய்வரை ஏறியிருந்தது. அதன் விளிம்பை உறையில்லாத ஒரு கை முட்டியாகப் பற்றியிருந்தது. செபமாலை தரையில் கிடந்தது. துணிக்கு மேலே உதடுகள் நீலம். கடகட, கடகட, இடைவிடாமல்.

மற்றக் கை பெட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்து, உள்ளங்கையை மேலே விரித்து, றொசானி பிடித்திருந்த வெள்ளைத் துணிகளை நோக்கி நீண்டு, நடுங்கிக்கொண்டிருந்தது.