கடைசிப் படத்துக்கு அப்புறம்

ஒன்பதாம் நாள் சாயங்காலம், சிலுவை எடுக்கிற சடங்குக்காக எஃப்ராசியா அத்தை வீட்டுக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் சாம்பிராணிப் புகை, வாடிய செண்டுமல்லி, அடுப்படியிலிருந்து மோலே குழம்பின் மணம். எங்கள் ஊரில் யார் செத்தாலும் இதே வாசனைதான். இந்த முறை புதிதாக இருந்தது என் டிவி மட்டும்.

செத்தவர் அத்தையின் புருஷன் அபுந்தியோ மாமா. ஊர் பேண்டில் ஆயுசு பூரா டூபா ஊதியவர். அந்தப் பெரிய பித்தளைக் குழாயைச் சுமந்து சுமந்தே ஒரு தோள் இறங்கிப்போனது. பிள்ளைகள் இரண்டு பேரும் வடக்கே, அமெரிக்காவில். குடியேற்றக் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டிப் போனவர்கள். சாவுக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. மகள் நிகாந்த்ரா போனில் என்னிடம் அழுதாள். ஊரில் இணையக் கடை வைத்திருப்பவன் நான்தானே. மாமாவின் படங்களைக் கணினியில் வரிசையாக அடுக்கி, டிவியில் ஓடவிட்டேன். முதலில் கோயில் படியில் எடுத்த கல்யாணப் படம், நடுவில் டூபாவோடு நிற்கிற படம், கடைசியில் ஓர் இணையப் பக்கம். வடக்கே இருப்பவர்கள் அதில் எழுதும் இரங்கல், ஒவ்வொரு சுற்றிலும் தானாகவே புதுப்பித்துக்கொண்டு திரையில் வந்துவிடும். அது போனதும் மறுபடி கல்யாணப் படம். கூடத்தில் மாமாவுக்கு வைத்த பீடத்துக்கு மேலே ஒன்பது நாளும் அது ஓயாமல் சுற்றியது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்.

செபம் சொல்கிற காஸ்துலோ அண்ணனுக்குத்தான் பிடிக்கவில்லை.

"செபமாலையும்தான் சுத்தி வருது. ஆனா அதுல ஒரு சிலுவை தொங்குது பாரு, அங்க வந்து முடிஞ்சிரும். உன் பொட்டி எங்கடா முடியும், டெல்லோ?"

"பட்டனை அமுக்கினா முடியும்ணே."

"அப்ப இன்னிக்கு அமுக்கிரு. போறவருக்குன்னு வச்சது எதுவும் இந்த வீட்ல தங்கக் கூடாது."

பாட்டுப் பாடி மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். தரையில் சுண்ணாம்பால் வரைந்திருந்த சிலுவையைக் கூட்டி ஒரு பெட்டியில் அள்ளினார்கள். அதைக் கல்லறையில் சேர்க்க எல்லோரும் மழையிலேயே கிளம்பினார்கள். கால் வலிக்கிறது என்று அத்தை தங்கிவிட்டாள். டிவியை இறக்க நானும் தங்கினேன்.

நாற்காலியில் ஏறியபோது பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சாவி திரும்பியது.

அத்தை சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். "ஒரே ஒரு சுத்து, ராசா. அப்புறம் எடுத்துட்டுப் போ."

"என்ன அத்தை விளையாட்டு இது?"

"அவரு பேசறாருடா."

எனக்குச் சிரிப்பு வந்தது. படங்கள் ஒவ்வொன்றாகப் போய் இணையப் பக்கம் வந்தது. பிள்ளைகள் எழுதியவை மேலே இருந்தன. அடியில் பெயரே இல்லாமல் ஒரு வரி.

கறுப்பி, வாசல் எங்க?

அத்தையை அப்படிக் கூப்பிட்ட ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

மறுபடி கல்யாணப் படம். நான் டிவியின் சத்தத்தை முதல் நாளே அடைத்துவிட்டேன். ஆனால் அதற்குள்ளிருந்து ஒரு மூச்சு கேட்டது. டூபா ஊதுகிறவன் ஊதுவதற்கு முன் நெஞ்சு நிறைய இழுக்கும் மூச்சு.

ஊதும் சத்தம் வரவில்லை.

"நான் இங்கதான் இருக்கேன்," என்று அத்தை திரையிடம் கிசுகிசுத்தாள். "உக்காருங்க. அவசரமா எங்க போகணும்?"

அடுத்த சுற்றில் பதில் இருந்தது.

வாசல் வரைக்கும் வந்துட்டேன். கால வெளிய வச்சா, கல்யாணக் கோலத்துல கோயில் படியில நிக்கிறேன்.

அதற்கடுத்த சுற்றில்:

எத்தன தடவதான்டி உன்னக் கட்டிக்கிறது?

அத்தை புதுப்பெண் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "செத்தும் கேலி போகல பாரு இந்த மனுசனுக்கு." ஆனால் அவர் கேலி செய்யவில்லை.

கால் வலிக்குது கறுப்பி.

அடுத்த சுற்று.

டெல்லோ. அமுக்குடா.

பாய்ந்துபோய்க் கணினியில் பட்டனை அமுக்கினேன். படங்கள் நிற்கவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினேன். கல்யாணப் படம், டூபா, கல்யாணப் படம். மூச்சு இப்போது திணறியது. சுவிட்சுப் பக்கம் ஓடினேன். அத்தை என் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"வேணாம்டா! ஒம்பது நாள் எனக்குப் போதாதுடா. நீ அணைச்சிட்டா நான் யாரோட பேசுவேன்?"

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்னைத் தூக்கி வளர்த்த கை அது. ஆனால் உள்ளே ஒரு மனுஷன் வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

வயரைப் பிடுங்கினேன்.

இருட்டு. ஓட்டின் மேல் மழை.

"போயிட்டாரா?"

"போயிட்டாரு அத்தை."

"வாசல் கிடைச்சுதா?"

"கிடைச்சிருக்கும்."

அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. தட்டுத்தடுமாறி ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தித் திரும்பினேன். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிமிட்டவில்லை. கையைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது.

"அத்தை?"

டிவி பக்கமிருந்து அந்த மூச்சு.

அதன் பக்கத்திலேயே, மெல்லிசாக, இன்னொன்று.

பிடுங்கிய வயர் என் கையில்தான் இருந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. கல்யாணப் படம் போய், டூபா போய், கடைசிப் பக்கம் வந்தது.

கறுப்பி வந்துட்டா. இப்ப ரெண்டு பேருமா வாசலைத் தேடறோம்.

சாவி அத்தையின் ரவிக்கைக்குள் இருந்தது. அதை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. கதவில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, கல்லறைக்குப் போனவர்கள் வந்து உடைக்கும்வரை சுற்றுக்குச் சுற்று அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு விழுந்ததும் திரை அணைந்தது. துக்கத்தில் நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். என் கையிலிருந்த வயரைப் பார்த்த காஸ்துலோ அண்ணன் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டார்.

இன்று அத்தைக்குச் சுண்ணாம்புச் சிலுவை வரைந்திருக்கிறார்கள். நிகாந்த்ரா கூப்பிட்டாள். "அம்மாவுக்கும் அதே மாதிரி படம் போட்டுரு, டெல்லோ."

டிவி கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன்.

அது இப்போது என் கடையில், மேசைக்கடியில், சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. வயரையே அறுத்துவிட்டேன். ஆனாலும் சுவரில் வெளிச்சம் வந்து வந்து போகிறது. எந்த வெளிச்சம் எந்தப் படம் என்று எனக்குத் தெரியும், அடுக்கியவன் நான்தானே. கடைசிப் பக்கம் வரும்போது திருப்பிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

அமுக்குடா டெல்லோ, என்கிறார்கள் இரண்டு பேரும்.

எதை அமுக்குவது?